அப்பாயியை அப்பம்மாவாக்கிய இரண்டு வருடங்கள்

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அக்கா, அங்க போனதும் நான் ஆளே மாறிடணும்" என்றாள். எனக்கு நெஞ்சு பக்கென்றது. 2017இல் கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறியபோது நானும் இதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். அன்று இரவு அவளோடு வெகுநேரம் இருந்து சொன்னவற்றை இங்கே இன்னும் விரிவாக எழுதுகிறேன். எனக்கு இதைச் சொல்ல அப்போது ஒருவரும் இருக்கவில்லை.

எங்கள் ஊர் ஒரு குடியேற்றக் கிராமம். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தா பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். அப்பா வயல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் நாள் கூலிக்குப் போவார். அம்மா கோழி வளர்த்து முட்டை விற்பார். அப்பாவின் அம்மாவை நாங்கள் அப்பாயி என்போம். வீட்டில் பேசுவது மலைநாட்டுத் தமிழ். பள்ளிக்கூடத்திலும் பாதிப் பேர் எங்களைப் போன்றவர்கள். அதனால் அது ஒரு வித்தியாசமாகவே எனக்குத் தெரிந்ததில்லை.

கம்பஸில் முதல் கிழமையே தெரிந்துவிட்டது. சீனியர் அக்காமார் ஒரு மரத்தடியில் எங்களை நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார்கள். என் முறை வந்தபோது, "நேத்து அம்மாகிட்ட பேசினேன்" என்று ஏதோ ஆரம்பித்தேன். "அம்மாவைப் பேசினீரோ? பாவம், அவ என்ன பிழை செய்தவ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. நாங்கள் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். அது எனக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்து வீட்டில் ஆர் ஆர் என்று கேட்டார்கள். அப்பாயி என்றேன். அந்தச் சொல்லை என்னைப் பத்துத் தடவை சத்தமாகச் சொல்ல வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை, வேறெதுவும் செய்யவில்லை. ஆனால் பத்தாவது தடவை சொல்லும்போது என் அப்பாயியின் பெயரையே யாரோ காலில் போட்டு மிதிப்பது போல இருந்தது. பகிடிவதையைக் குற்றமாக்கி 1998ஆம் ஆண்டிலேயே 20ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் முறையிட்டிருப்பேனா என்று சொல்ல முடியாது. நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். மாணவர் ஆலோசகர் யார், அவருடைய அறை எங்கே என்பதையும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

அன்று இரவே முடிவெடுத்தேன், இனி யாரும் என் வாயைப் பிடித்துச் சிரிக்கக் கூடாது என்று. மூன்று மாதத்தில் மாறிவிட்டேன். பஸ்ஸில், சந்தையில், விரிவுரை மண்டபத்துப் பின்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஆமா ஓம் ஆனது. கிளம்புவது வெளிக்கிடுவது ஆனது. அப்பாயி அப்பம்மா ஆனாள். இதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. ஒரு ஊருக்குப் போய் அந்த ஊர்ப் பேச்சைப் பழகுவது நல்ல விஷயம்தான். உடுப்பை மாற்றுவது, நாலு பேர் முன்னால் எழுந்து கேள்வி கேட்கப் பழகுவது, சைக்கிளில் தனியாக ஊர் சுற்றுவது, எல்லாமே நல்ல மாற்றங்கள். நான் பிழை விட்டது வேறு இடத்தில். அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு தோழி கேட்டபோது, "பரந்தனில ஒரு கடை வைத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. ஆனால் கடை என்றால் என்ன கடை, எத்தனை பேர் வேலைக்கு, வீடு கடைக்குப் பக்கமா, எப்போது கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் செய்ய வேண்டும். செய்த பதிலை மறக்காமலும் இருக்க வேண்டும். படிப்பைவிட அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

இதில் ஒரு அடையாளம் சொல்கிறேன், உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நான் அறையை விட்டு வெளிக்கிட்டு, வாடகை வீட்டுக் கிணற்றடிக்குப் போய்த்தான் எடுப்பேன். அம்மாவோடு அம்மாவின் தமிழில் பேசுவது அறைத் தோழிகளுக்குக் கேட்டுவிடும் என்ற பயம். போகப் போக கிணற்றடியிலும் "ம்", "சரி", "வைக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டுப் போனை எடுக்க வெளியே போகிறீர்கள் என்றால், நீங்கள் மாறவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். நான் அதைக் கவனித்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

என் தோழிகள் நாலு பேர். எல்லோரும் யாழ்ப்பாண நகரத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படிக் கதைகளில் பணக்காரத் தோழிகளைக் கெட்டவர்களாக்கிவிடுவது சுலபம். அவர்களில் ஒருவர்கூட என்னைச் செலவழிக்கச் சொல்லவில்லை. கடைக்காரர் மகள் என்று நானே சொல்லிவிட்டதால், கடைக்காரர் மகளைப் போல நானே செலவழித்தேன். அப்போது கோண்டாவிலில் அறை வாடகை தலைக்கு 3,500. வீட்டிலிருந்து மாதம் 4,000 வரும். மகாபொல என்ற பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகை அப்போது 5,000. ஒழுங்காக இருந்தால் அறையில் சமைத்துச் சாப்பிட்டுச் சமாளிக்கக்கூடிய கணக்குத்தான். ஆனால் கிழமைக்கு இரண்டு தடவை கூல்பார், ஒரு தடவைக்கு 350, 400. பிறந்தநாள் வந்தால் கேக்குக்குப் பங்கு. நண்பியின் அக்காவின் கல்யாணத்துக்குப் போக ஒரு சாறி. இன்னொன்று, உதவித்தொகை எதுவானாலும் கம்பஸ் தொடங்கிய முதல் மாதமே கைக்கு வரும் என்று எண்ணிச் செலவு செய்யாதீர்கள். நான் வரப் போகிற காசை நம்பி அறைத் தோழியிடம் கடன் வாங்கினேன். வந்ததும் அது கடனுக்குப் போனது, மறுபடி கடன் வாங்கினேன்.

அந்த வருட நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னால்தான் சங்கிலி போனது. நல்லூர் இருபத்தைந்து நாள். இருபத்துநாலாம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். தேருக்கு ஐந்து பேரும் ஒரே மாதிரிச் சாறி கட்டுவது என்று பேச்சு வந்தது. "ஓம், நல்ல ஐடியா" என்று முதலில் சொன்னது நான்தான். சாறியும் சட்டை தைத்த கூலியும் 6,800. என் பழைய போனில் படம் தெளிவாக வராது என்று புதுப் போன் ஒன்று, 24,500. மிச்சம் 6,700 பற்ச் (எங்கள் வருட மாணவர்கள்) சுற்றுலாவுக்கும் கூல்பாருக்கும் கரைந்தது. எல்லாம் சேர்ந்து 38,000. அது என் கழுத்தில் கிடந்த ஒரு பவுன் சங்கிலிக்கு அடகுக் கடைக்காரர் தந்த காசு. வெறுங்கழுத்தோடு நாலு பேர் மத்தியில் நிற்கக் கூடாது என்று அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டு அனுப்பிய சங்கிலி அது. அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அடகு வைக்க வேண்டிய நிலை யாருக்கும் வரலாம், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வங்கிக்குப் போகவில்லை. அங்கே தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று ஒரு தனியார் கடைக்குப் போனேன். மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 38,000க்கு மாதம் 760, வருடத்துக்கு 9,120. ஒரு வருடம் முடிய வட்டியைக் கட்டிப் புதுப்பித்தேன். இரண்டு வருடம் கழித்து மீட்டபோது வட்டி மட்டும் 18,240. மொத்தம் 56,240 ரூபாய் கொடுத்து என் அம்மாவின் சங்கிலியை நானே திரும்ப வாங்கினேன். வங்கி அடகு வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு, முதலில் அங்கே கேளுங்கள். கையில் கிடைக்கும்போதெல்லாம் ஆயிரம் இரண்டாயிரமாக முதல் தொகையைக் கட்டிக் குறைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். முடிவுத் திகதியை நாட்காட்டியில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விலை ஏறிக்கொண்டே போகிற பொருளைக் கொடுத்து, வாங்கிய அன்றே பாதி விலையாகிவிடும் போனை வாங்காதீர்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதிகம் எழுதினால் இன்னும் வலிக்கிறது. புவியியல் சிறப்புக்கலை, அதாவது அந்த ஒரு பாடத்தில் சிறப்புப் பட்டம், செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கள் பீடத்தில் சிறப்புக்குத் தெரிவு முதல் வருடப் பெறுபேற்றை வைத்து. இரண்டாம் வருடத்திலிருந்து பிடித்துப் படிக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாடத்தில் வரவு 80 வீதத்துக்குக் கீழே போய்ப் பரீட்சை எழுத விடவில்லை. இன்னொன்றில் வெறும் சித்தி. சிறப்பு போய்விட்டது. பொதுக்கலைமாணிதான் முடித்தேன். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிறப்புப் பட்டம் கேட்ட இரண்டு இடங்களுக்கு என்னால் விண்ணப்பமே போட முடியவில்லை. உங்கள் பீடத்துக் கைநூல் கிடைத்த அன்றே இரண்டு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: சிறப்புக்குத் தெரிவு எப்போது, எதை வைத்து, வரவு எத்தனை வீதம். சீனியர்கள் வாயால் சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

இவ்வளவும் நடந்தும் நான் திருந்தவில்லை. 2018 டிசம்பர் வரைக்கும் பரந்தன் கடைக்காரர் மகளாகவே இருந்தேன்.

டிசம்பர் 21 இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கொட்டிய மழையில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகளைத் திறந்தார்கள். விடியற்காலையில் தம்பியின் அழைப்பு. "அக்கா, வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அப்பாயியத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம்." கிணற்றடியில் நின்று கேட்டேன். திரும்பி அறைக்கு வந்தால் வட்ஸ்அப்பில் பற்ச் முழுக்க நிவாரணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அரிசி, பருப்பு, பால்மா, பாய் என்று பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. என் தோழிகளில் ஒருத்தி அறைக்கே ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "உம்மட வீட்டுக்கு, கடைக்கு ஒண்டும் நடக்கேல்லையே? காசு ஏதும் தேவையெண்டா சொல்லும்." "இல்லை, கடை உயரத்தில இருக்கு, பிரச்சினை இல்லை" என்றேன். வீட்டில் சட்டி பானையெல்லாம் மிதந்துகொண்டிருந்த நேரம், உதவி செய்ய வந்து நின்றவளிடம் இதைச் சொன்னேன். அந்தப் பொய்யால் எனக்கு வந்த பெரிய நட்டம் எதுவென்று யாராவது கேட்டால், சங்கிலியையோ சிறப்புப் பட்டத்தையோ சொல்ல மாட்டேன், இந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அவர்கள் லொறி பிடித்துப் போகிற ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊரும் இருந்தது. காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். அதோடு விடவில்லை. அங்கே அவர்களைச் சந்தித்துவிடுவேனோ என்ற பயத்தில் நாலு நாள் வீட்டுக்கே போகவில்லை. அவர்கள் திரும்பி வந்து போனில் படங்களைக் காட்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரு வரிசை. வரிசையில் மூன்றாவது ஆள், பிளாஸ்டிக் பேசின் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் அம்மா. "இந்த அம்மா பாவமடி, 'நல்லா இருப்ப சாமி' எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ" என்றாள் தோழி. கேலி இல்லை. அவளுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நான் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று இரவு சாப்பிடவில்லை. எங்கள் அறையில் மன்னாரிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். மீன்பிடிக் குடும்பம். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய் வரும்போதும் கருவாடு கொண்டு வந்து அறை முழுக்க மணக்கப் பொரித்து எல்லோருக்கும் தருவாள். அவளை நான் கொஞ்சம் விலக்கியே வைத்திருந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் பக்கத்தில் வந்து இருந்து என்னவென்று கேட்டாள். "அந்தப் படத்தில இருக்கிறது என்ட அம்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. "நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டாள். காலையில் ஒரு பார்சல் கருவாட்டையும் தன்னுடைய பெட்சீற்றையும் என் பையில் திணித்து அனுப்பினாள்.

உங்களில் யாராவது இப்போது இப்படி ஒரு பொய்க்குள் இருந்தால், எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்குச் சொல்லுங்கள். ஏன், எதற்கு என்று விளக்கம் வேண்டாம், உண்மையான ஒரே ஒரு வசனம் போதும். அந்த ஆள் உங்கள் நெருங்கிய நண்பியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எனக்கு அது நான் ஒதுக்கி வைத்தவளாக இருந்தாள்.

ஊரில் அப்பாயி பள்ளிக்கூட மேசையொன்றில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிடைத்த குடியுரிமைக் கடதாசி. 1948இல் கொண்டு வந்த சட்டத்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. 2009இல் போரின் முடிவில் முள்வேலி முகாமுக்குப் போனபோதும் அந்தப் பையை நெஞ்சோடு வைத்திருந்தாள், எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளத்திலும் முதலில் அதைத்தான் எடுத்தாளாம். தன் பெயரும் ஊரும் எழுதிய ஒரு தாளுக்காக அவள் அவ்வளவு காலம் காத்திருந்தவள். நான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நிறைய நேரம் அழுதேன். வெள்ளத்துக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் தோழிக்குச் சொன்னேன். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அண்டைக்கு நான் கேட்கேக்க ஏன் சொல்லேல்லை? என்னை என்னெண்டு நினைச்சனீர்?" இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது. நான் அவளை நம்பவில்லை என்பதுதானே அதன் அர்த்தம். உண்மையைச் சொன்னவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள், அவர்களுக்கும் காலம் கொடுக்க வேண்டும். நாலு பேரில் இரண்டு பேர் திரும்ப வந்தார்கள். ஒருத்தி மெல்ல மெல்ல விலகிவிட்டாள். மற்றவளோடு கண்டால் சிரிப்பதோடு சரி.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையில் மாறினேன் என்று நினைக்கிறேன். கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேருக்குப் புவியியலும் வரலாறும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். தலைக்கு 600, மாதம் 3,000. சங்கிலிக் காசில் கொஞ்சம் அதிலிருந்து சேர்ந்தது. மிச்சத்துக்கு அந்தப் போனை விற்றேன், மகாபொலவை ஒதுக்கினேன். சனிக்கிழமைகளில் பொது நூலகத்துக்குப் போவேன். ஒரு சிறு வட்டம் அங்கே சேர்ந்தது. ஒன்றாக இருந்து குறிப்பெழுதி, வெளியே வந்து பிளேன்ரீ குடித்து, ஆளுக்கு ஆள் தங்கள் காசைக் கொடுப்போம். சும்மா கூடி இருந்து உருவாகும் பழக்கத்தைவிட, ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போது உருவாகும் பழக்கம் எனக்கு இலகுவாக இருந்தது. வாயால் உங்களை நிரூபிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. பற்ச்சுக்கு வெளியே இப்படி ஒரு இடமாவது வைத்துக்கொள்ளுங்கள். பற்ச்சில் ஏதும் பிரச்சினை வந்தால் போய் உட்கார ஒரு இடம் வேண்டும்.

செலவு விஷயத்தில் ஒரு சின்னப் பழக்கம் உதவியது. எங்காவது போவோமா என்று யாராவது கேட்டால், "வாறன், இந்த மாதம் எனக்கு ஐந்நூறுதான் இருக்கு" என்று தொகையைச் சொல்லிவிடுவேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை பக்கத்தில் இருந்த பிள்ளை, "அப்பாடா, எனக்கும் அவ்வளவுதான்" என்றாள். எத்தனை பேர் கையில் காசில்லாமல் சிரித்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்களோ என்று அன்றுதான் யோசித்தேன்.

2019 ஜூலையில் சங்கிலியை மீட்டேன். ஓகஸ்டில் நல்லூர்த் தேருக்கு அம்மாவை வரச் சொன்னேன். விடியப்புறமே பஸ் ஏறி வந்து இறங்கினார். சங்கிலியை அவருடைய கழுத்தில் போடப் போனேன், வேண்டாமென்று என் கழுத்திலேயே விட்டுவிட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "கவரிங் எது, தங்கம் எதுன்னு எனக்குத் தெரியாதா புள்ள?" என்று மட்டும் கேட்டார். தோழி வந்தாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீதானா சாமி அது?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தேர் இருப்புக்கு வந்து சனம் கலையத் தொடங்கிய நேரத்தில் தம்பியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. நான் எங்கேயும் விலகிப் போகவில்லை, அந்த நெரிசலுக்குள்ளேயே நின்று எடுத்தேன். மறுபக்கம் காது மந்தமான குரல், "யாரு பேசுறது?" என்றது.

"நான்தான் அப்பாயி, நான்தான் பேசுறேன்" என்று கத்தினேன்.